பாலிமரால் நிலைப்படுத்திய திரவப் படிகம் என்றால் என்ன? ஓஎல்ஈடி வந்த பிறகும் அதைப் படிப்பதில் பயன் உண்டா?

பெருந்துறைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பு வந்திருக்கிறதாம். அவருக்கு மூன்று சந்தேகம். இது என்ன சமாச்சாரம்? எல்லாத் திரையும் பின்விளக்கு இல்லாமல் தானே ஒளிரும் ஓஎல்ஈடி ஆகிக்கொண்டிருக்கும்போது இதைப் படித்து என்ன ஆகப் போகிறது? திருப்பூரில் மாமாவின் பனியன் கம்பெனி மீட்டிங் ரூமில், சுவிட்ச் போட்டால் தெளிகிற பால் கண்ணாடியும் இதுதானா?

மாமா கம்பெனிக் கண்ணாடியை முதலில் முடித்துவிடலாம். அது உங்கள் தலைப்பு இல்லை, தம்பி. உங்கள் தலைப்புக்குப் பங்காளி முறை. அதற்குள் இருப்பது பாலிமரில் சிதறிய திரவப் படிகம், சுருக்கமாக பிடிஎல்சி. அதில் பாலிமர் மூன்றில் ஒரு பங்கு, பாதி, அதற்கு மேலும்கூட இருக்கும். பாலிமர்தான் சுவர், அந்தச் சுவருக்குள் மைக்ரான் அளவுச் சொட்டுகளாகத் திரவப் படிகம் அடைபட்டுக் கிடக்கும். உங்கள் தலைப்பில் கணக்கு தலைகீழ். திரவப் படிகம் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல், பாலிமர் சில சதவீதம்தான். சில பயன்பாடுகளில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பல பேர் இரண்டையும் ஒன்றாக எழுதிவைத்திருக்கிறார்கள். வைவாவில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, இவ்வளவு கொஞ்சம் பாலிமர் போட்டு என்ன சாதிக்க முடியும்?

அதற்குத் திரவப் படிகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். 1888இல் பிராகில் ஃபிரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற தாவரவியலாளர் கொலஸ்டிரில் பென்சோயேட்டைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமானது. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கலும் போய்த் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று குழம்பி ஜெர்மனியில் ஓட்டோ லேமனுக்கு எழுதினார். இடையில் இருந்த அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். தண்ணீர் மாதிரி ஓடும். ஆனால் மூலக்கூறுகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே திசையைப் பார்த்து நிற்கும். 1922இல் ஜார்ஜ் ஃபிரீடல் என்ற பிரெஞ்சுக்காரர் வகைகளுக்குப் பெயர் வைத்தார்: நெமாட்டிக், ஸ்மெக்டிக், கொலஸ்டெரிக். நெமாட்டிக் என்பது கிரேக்கத்தில் நூல் என்ற சொல்லிலிருந்து வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நூல் நூலாகத் தெரியும் என்பதால் அந்தப் பெயர். நூலை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்களுக்கு இந்தப் பெயர் மறக்காது.

நூல் என்றதும் எனக்குச் சென்னிமலை ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் எங்கள் வீதியில் விடிகாலையிலேயே பாவை, அதாவது தறிக்கு நீளவாட்டில் போகும் நூல்களை, நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, ஆளுக்கொரு பக்கம் பெரிய தூரிகையைப் பிடித்துக்கொண்டு நீவியபடியே போவார்கள். பாவாற்றுவது என்று சொல்வார்கள். நூலின் எடையோடு பார்த்தால் கஞ்சி கொஞ்சம்தான். ஆனால் நூல் ஒன்றோடொன்று ஒட்டாமல், நேராக, இழுத்த நிலையில் இருக்கும்போதே அந்தக் கஞ்சி காய வேண்டும். சிக்கலோடு காய்ந்துவிட்டால் சிக்கல்தான் நிலைக்கும். அப்புறம் இழுத்தால் அறுமே தவிர நேராகாது. அதனால் வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று பெரியவர்கள் பறப்பார்கள்.

உங்கள் தலைப்பின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. திரவப் படிகத்தோடு சில சதவீதம் ஒரு சிறப்பு மோனோமரை, அதாவது ஒன்றோடொன்று கோத்துப் பாலிமராகும் சிறு மூலக்கூறை, கலக்கிறோம். அதன் மூலக்கூறும் திரவப் படிகம் மாதிரியே குச்சி வடிவம். இரண்டு முனையிலும் வினைபுரிகிற அக்ரிலேட் தொகுதி இருக்கும். ஆய்வகங்களில் அதிகம் புழங்குவது ஆர்எம் 257. கூடவே, ஒளி பட்டதும் வினையைத் தொடங்கிவைக்க, துளி போட்டோஇனிஷியேட்டர். முதலில் மூலக்கூறுகளை நமக்கு வேண்டிய நிலையில் நிறுத்திக்கொள்ள வேண்டும். படுக்க வைக்கலாம், நிமிர்த்தலாம், முறுக்கலாம். அந்த நிலையிலேயே 365 நானோமீட்டர் புற ஊதா ஒளியைக் காட்டினால் மோனோமர் மட்டும் கைகோத்து வலையாக இறுகிவிடும். மீதித் திரவப் படிகம் அந்த வலையின் இடுக்குகளில் முன்போலவே திரவமாக ஓடிக்கொண்டிருக்கும். உவமை நொண்டுகிற இடமும் இதுதான். கஞ்சி நூலின் மேலேயே படிகிறது. இங்கே பாலிமர் தனியாகப் பிரிந்து இழையிழையாக நிற்கிறது. செல்லை, அதாவது இடையில் திரவப் படிகத்தை அடைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளை, பிரித்து, திரவப் படிகத்தைக் கரைப்பானில் கழுவி எடுத்துவிட்டு எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், மூலக்கூறுகள் எந்தத் திசையில் நின்றனவோ அந்தத் திசையிலேயே பாலிமர் இழைகள் ஓடியிருப்பது தெரியும். படிகம் போய்விட்டது, அதன் அச்சு மட்டும் நிற்கிறது.

திசையோடு நிற்கும் மோனோமரை அப்படியே ஒளியால் இறுக்குகிற இந்த வழியை 1980களில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் டிர்க் புரூரும் அவருடன் இருந்தவர்களும் வளர்த்தெடுத்தார்கள். அமெரிக்காவில் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் பிடிஎல்சிக்கும் பாலிமர் வலைக்கும் இன்னொரு பிறந்த வீடு. கட்டுரை தேடும்போது இந்த இரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடியும்.

எப்போது இறுகுகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களுக்கு ஒத்தாசைக்குப் போயிருந்தேன். ஏப்ரல் மாதம், ஏசி ரிப்பேர். நாங்கள் எடுத்தது 5சிபி, பாடப்புத்தகத் திரவப் படிகம். காலையில் செய்த செல்கள் கண்ணாடி மாதிரி வந்தன. மதியம் செய்தவை எல்லாம் மங்கல். அதே கலவை, அதே விளக்கு, அதே கை. முதலில் போட்டோஇனிஷியேட்டர் பழசு என்றோம். அப்புறம் கண்ணாடியைக் கழுவிய பையனைத் திட்டினோம். கடைசியில், இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் இடைவெளி விடுகிற ஸ்பேசரை விற்றவரையே சந்தேகப்பட்டோம். இப்படியே மூன்று வாரம் போயிற்று. ஒரு நாள் சும்மா விளக்கின் அடியில், செல் வைக்கிற இடத்தில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் 40 டிகிரியைத் தாண்டி நிற்கிறது. 5சிபி நெமாட்டிக்காக இருப்பது சுமார் 24 முதல் 35 டிகிரி வரைதான். அதற்கு மேல் அது வெறும் திரவம், திசை கிடையாது. மோனோமர் கலந்ததால் அந்த எல்லை ஓரிரு டிகிரி நகரும், அவ்வளவுதான். அதாவது மதிய செல்களில் நாங்கள் சிக்கலாகக் கிடந்த பாவுக்குக் கஞ்சி போட்டிருக்கிறோம். சாயங்காலம் குளிர்ந்து திரவப் படிகம் ஒழுங்குக்கு வந்தாலும், வலை ஒழுங்கில்லாமல் இறுகிவிட்டது. அது விடவில்லை.

5சிபியை ஊட்டிக்குக் கொண்டுபோனால் பாட்டிலிலேயே உறைய வாய்ப்புண்டு, ஈரோட்டுக்குக் கொண்டுவந்தால் தெளிந்துவிடும். நம் பக்கத்து வெயிலுக்கு ஈ7 போன்ற கலவை நல்லது. திசை போய் அது வெறும் திரவமாகும் தெளிவு வெப்பநிலை சுமார் 60 டிகிரி. விலை கூடுதல்தான், மூன்று வாரத்தை விட மலிவு.

இனிமேல்தான் இயற்பியல். பாலிமர் வலை என்ன தருகிறது, பதிலுக்கு என்ன பிடுங்கிக்கொள்கிறது?

திரவப் படிகச் செல்லில் வோல்டேஜ் கொடுத்தால் மூலக்கூறுகள் திரும்பும். அது வேகமாக நடக்கும், வோல்டேஜைக் கூட்டினால் இன்னும் வேகம். தலைவலி என்னவென்றால் வோல்டேஜை எடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்புவது. அங்கே தள்ளிவிட மின்புலம் இல்லை. தானாகத்தான் மீள வேண்டும். அந்த மீட்சி நேரம் செல் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. பாகுநிலையை மீள்தன்மை மாறிலியால் வகுத்து, தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, பை வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 5சிபிக்கு ஐந்து மைக்ரான் செல்லில் கணக்குப் போட்டால் முப்பது மில்லிசெகண்ட் சொச்சம் வரும். வேகமாக ஓடுகிற பந்து திரையில் வால் விடுவதற்கு இது போதும்.

இப்போது உள்ளே வலை வருகிறது. ஐந்து மைக்ரான் இடைவெளியை இழைகள் ஒரு மைக்ரான் அறைகளாகப் பிரித்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் பழைய திசையை நினைவூட்ட, தூரத்துக் கண்ணாடிச் சுவர் தேவையில்லை. பக்கத்திலேயே ஓர் இழை இருக்கிறது. நீளம் ஐந்தில் ஒன்றானால் நேரம் இருபத்தைந்தில் ஒன்று. முப்பது மில்லிசெகண்ட் ஒன்று சொச்சமாகிவிடும். ஆனால் திருப்புவதற்கு வேண்டிய மின்புலம் அறை அளவுக்குத் தலைகீழ் விகிதத்தில் ஏறும். வெறும் 5சிபிக்கு ஒரு வோல்ட்டுக்கும் கீழே இருந்த தொடக்க வோல்டேஜ் ஐந்து மடங்காகும். இது காகிதக் கணக்கு, நிஜ வலையில் அறைகள் ஒரே அளவில் இருக்காது. ஆனாலும் போக்கு இதுதான்: வேகம் வர்க்கத்தில் ஏறுகிறது, வோல்டேஜ் நேர்விகிதத்தில் ஏறுகிறது. கேட்க லாபமான வியாபாரம் மாதிரி இருக்கிறதா? திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரான்சிஸ்டர்கள் கொஞ்ச வோல்ட்டுக்குள் வேலை செய்யப் பழகியவை. அவற்றால் தாங்க முடியாத வோல்டேஜைக் கேட்டால் அந்த வேகத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்தத் துறையில் நல்ல நல்ல யோசனைகள் படுத்த இடம் பெரும்பாலும் இதுதான்.

பாலிமரைக் கூட்டினால் இன்னொரு தொல்லையும் வரும்: ஒளி சிதறும். வலை தன் பழைய திசையில் நிற்கிறது, திரவப் படிகம் மட்டும் திரும்புகிறது. இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் ஒத்துப்போகாது. திரைக்காரர்களுக்கு இது குற்றம். கண்ணாடிக்காரர்களுக்கு இதுவே பிழைப்பு.

மறுபடி மாமா கம்பெனிக்கு வருவோம். பிடிஎல்சியில் சொட்டுகள் கண்டபடி திசை பார்த்திருப்பதால் மின்சாரம் இல்லாதபோது பால் நிறம். மின்சாரம் வந்ததும் எல்லாச் சொட்டும் ஒரே பக்கம் திரும்பும். அந்தத் திசையில் திரவப் படிகத்தின் ஒளிவிலகல் எண்ணும் பாலிமரின் எண்ணும் 1.52 பக்கத்தில் ஒத்துப்போகிற மாதிரி முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். ஒளிக்குத் தடை தெரியாது, கண்ணாடி தெளிகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்தப் பொருத்தம் போய்விடும், கொஞ்சம் மூட்டமாகத் தெரியும். அடுத்த முறை திருப்பூர் போகும்போது நேராகவும் சாய்வாகவும் நின்று பாருங்கள்.

பாலிமரால் நிலைப்படுத்திய கொலஸ்டெரிக்கில் இதையே வேறு மாதிரி செய்யலாம். கென்ட் ஸ்டேட்டில் 1990களின் தொடக்கத்தில் செய்து காட்டினார்கள். எனக்குப் பிடித்த பகுதி இது. கொலஸ்டெரிக் என்பது முறுக்கிய நெமாட்டிக், புரிக்கயிறு மாதிரி. கொஞ்சம் மோனோமர் கலந்து, வோல்டேஜ் கொடுத்து எல்லா மூலக்கூறையும் நிமிர்த்தி, அந்த நிலையில் புற ஊதா காட்டினால், பிற்பாடு சுவிட்ச் அணைந்திருக்கும்போது பால், போட்டால் தெளிவு. வோல்டேஜ் இல்லாமல், மூலக்கூறுகள் படுத்து முறுக்கியிருக்கும்போது இறுக்கினால் நேரெதிர்: அணைந்திருக்கும்போது தெளிவு, போட்டால் பால். சேர்மானம் ஏறக்குறைய ஒன்றுதான். முறுக்கின் அளவைத்தான் வேலைக்குத் தக்கபடி மாற்றுவார்கள். இறுகின நேரத்தில் சுவிட்ச் எப்படி இருந்தது என்பதை அந்தக் கண்ணாடி தன் ஆயுசு முழுக்க ஞாபகம் வைத்திருக்கிறது. பாலிமர் கொஞ்சம் என்பதால் சாய்வாகப் பார்த்தாலும் மூட்டம் குறைவு.

எது வேண்டும் என்பதை கரண்ட் போகும்போது கண்ணாடி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து முடிவு செய்ய வேண்டும். மீட்டிங் ரூமில் பால் ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை. கார் கண்ணாடியில் பால் ஆனால் உயிர் போய்விடும். அங்கே அணைந்தால் தெளிகிற வகைதான் சரி. ஆஸ்பத்திரி அறைக்கு அது சரிப்படாது. கரண்ட் போன உடனே மறைப்பு போய்விடுமே.

மாமாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பால் கண்ணாடி போட்டால் ஏசி பில் குறையும் என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். பிடிஎல்சி ஒளியைப் பெரும்பாலும் முன்பக்கமாகவே சிதறடிக்கிறது. உருவம் தெரியாது, வெளிச்சமும் சூடும் உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். மறைப்புக்கு நல்லது, மேற்குச் சுவர் வெயிலுக்கு ஆகாது. வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் கொலஸ்டெரிக்கின் இன்னொரு குணத்தைப் பிடிக்க வேண்டும். அதன் முறுக்கின் நீளத்துக்கு ஏற்ற ஒரு நிறத்தை அது கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். முறுக்கை நீளமாக்கினால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பும். குறை என்னவென்றால் ஒரு முறுக்கு பிரதிபலிக்கும் பட்டை குறுகலானது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் நூறு நானோமீட்டருக்குள்தான். அதுவும் வட்ட முனைவாக்க ஒளியில் ஒரு கையை (இடம், வலம் என்ற சுழற்சிகளில் ஒன்றை) மட்டும், அதாவது பாதியை மட்டும். 1995இல் புரூர் குழு இறுகுவதையே மெதுவாக நடத்தி, செல்லின் ஒரு பக்கம் முறுக்கு இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும்படி செய்து, கண்ணுக்குத் தெரியும் எல்லா நிறத்தையும் பிரதிபலிக்கும் படலத்தைக் காட்டியது. அங்கேயும் விஷயம் இறுகும் வேகத்தில்தான் இருந்தது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ஓஎல்ஈடி வந்துவிட்டதே?

கடையில் விற்கும் டிவிகளில் பெரும்பாலானவை இன்னும் எல்சிடிதான். அட்டையில் எல்ஈடி, க்யூஎல்ஈடி என்று எது போட்டிருந்தாலும் உள்ளே திரவப் படிகம், பின்னால் விளக்கு. அவற்றில் பெரிய ஒரு பகுதி செங்குத்து வகை. வோல்டேஜ் இல்லாதபோது மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், திரை கரேலென்று இருக்கும். வோல்டேஜ் வந்தால் சாயும், வெளிச்சம் வரும். எந்தப் பக்கம் சாய்வது? நேராக நிற்கிற தென்னையை வெட்டினால் எந்தப் பக்கமும் விழலாம். அதனால்தான் பொள்ளாச்சிப் பக்கம் மரம் வெட்டுகிறவர்கள் முதலில் கயிறு கட்டி ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்கிறார்கள். திரையில் மூலக்கூறுகள் ஆளுக்கொரு பக்கம் விழுந்தால் மோதிக்கொள்ளும், படம் மெதுவாகும், திட்டுத் திட்டாகத் தெரியும். முன்பு கண்ணாடியிலேயே சின்ன மேடுகள் அமைத்து வழிகாட்டினார்கள். அந்த மேடுகள் வெளிச்சத்தையும் தின்றன.

2004இல் ஜப்பானில் ஃபுஜிட்சு பொறியாளர்கள் ஒரு சுருக்கு வழி காட்டினார்கள். ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மோனோமரைக் கலந்து, வோல்டேஜ் கொடுத்து மூலக்கூறுகளை வேண்டிய பக்கம் சாய்த்து, அப்போது புற ஊதா காட்டுவது. பாலிமர் கண்ணாடிப் பரப்பில் மெல்லப் படிந்து, ஓரிரு டிகிரி சாய்வை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சாய்வுதான் தென்னைக்குக் கட்டிய கயிறு. அடுத்த முறை வோல்டேஜ் வந்ததும் எல்லாம் தயங்காமல் ஒரே பக்கம் சாயும். மேடுகள் தேவையில்லாமல் போனதால் வெளிச்சம் கூடியது. பிஎஸ்-விஏ, அதாவது பாலிமரால் நிலைப்படுத்திய செங்குத்து வகை என்று பெயர், டிவி தொழிற்சாலைகளில் வழக்கமான முறையாகிவிட்டது. உங்கள் வீட்டு டிவியிலேயே உங்கள் ப்ராஜெக்ட் தலைப்பு ஓடிக்கொண்டிருக்கலாம். இதில் பாலிமர் செல் முழுக்க வலை பின்னவில்லை, ஓரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் மேலே சொன்ன வோல்டேஜ் தண்டனையும் இல்லை. தொழிற்சாலையில் இரண்டாவது தடவையும் புற ஊதா காட்டுவார்கள், இந்த முறை வோல்டேஜ் இல்லாமல். மிச்சம் மீதி மோனோமரைத் தீர்த்துவிடத்தான். அது உள்ளே கிடந்தால் பிற்பாடு கண்ட நேரத்தில் இறுகி, சேனல் மாற்றிய பிறகும் பழைய படம் நிழலாக நிற்கும்.

பெரிதாகப் பேசப்பட்டு வீடு வந்து சேராத ஒன்றும் உண்டு: நீலநிலை. முறுக்கு மிகவும் இறுக்கமான சில திரவப் படிகங்களில், தெளிவதற்குச் சற்று முன்னால், ஏறத்தாழ ஒரு டிகிரி இடைவெளியில் மட்டும் எட்டிப் பார்க்கும் நிலை அது. இரட்டை முறுக்கு உருளைகள் கனசதுர ஒழுங்கில் அடுக்கி நிற்கும். அவை சேருகிற மூலைகளில் ஒழுங்கு உடைந்த கோடுகள் ஓடும். 2002இல் ஜப்பானில் கிகுச்சி குழு அந்த நிலையிலேயே மோனோமரை இறுக்கியது. பாலிமர் போய் அந்த உடைந்த கோடுகளில் அடைந்துகொண்டு முழு அடுக்கையும் தாங்கிப் பிடிக்க, ஒரு டிகிரி இடைவெளி அறுபது டிகிரிக்கு மேல் விரிந்தது. அறை வெப்பநிலையும் அதற்குள் வந்துவிட்டது. மில்லிசெகண்டுக்குள் மாறும், கண்ணாடியைத் துணியால் தேய்க்கிற வேலையும் இல்லை. 2008இல் சாம்சங் 15 அங்குல நீலநிலைத் திரையைக் காட்டியது. எல்லோரும் அடுத்தது இதுதான் என்றோம், நானும் சொன்னேன். ஆனால் வோல்டேஜ் அதிகம் கேட்டது. ஏற்றும்போது ஒரு வழி, இறக்கும்போது ஒரு வழி என்று தடம் மாறியது. இதற்கிடையில் ஓஎல்ஈடி முந்திக்கொண்டது.

துணியால் தேய்க்கிற வேலை என்றேன் அல்லவா, அது என்னவென்றால்: சாதாரணச் செல்லில் மூலக்கூறுகளுக்குத் திசை காட்ட, கண்ணாடிமேல் பாலிஇமைடு பூசி வெல்வெட் மாதிரியான துணி சுற்றிய உருளையால் ஒரே திசையில் தேய்ப்பார்கள். எத்தனையோ கோடி போட்டுக் கட்டிய சுத்த அறைக்குள், கடைசியில் துணி போட்டு ஒரு தேய். ஒளியாலேயே திசை காட்டுகிற முறைகளும் இப்போது வந்துவிட்டன.

திரைக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. ஃபெரோஎலக்ட்ரிக் திரவப் படிகம் மைக்ரோசெகண்டில் மாறும். ஆனால் அதன் அடுக்குகள் விரலால் அழுத்தினாலே குலைந்துவிடும். பாலிமர் வலை அதற்கு முதுகெலும்பு. ஹோலோகிராம் முறையில் கோடு கோடாக இறுக்கினால் சுவிட்ச் போட்டு அணைக்கக்கூடிய, ஒளியை வளைத்துப் பிரிக்கும் கிரேட்டிங் கிடைக்கும். வோல்டேஜ் கொடுத்துக் குவியத்தை மாற்றும் லென்ஸ்களில் வலை மீட்சி நேரத்தைக் குறைக்கிறது. ஓஎல்ஈடியை மறந்துவிட வேண்டாம்: அந்தத் திரையில் வெளி வெளிச்சம் பட்டுக் கூசாமல் இருக்க வட்ட முனைவாக்கிப் படலம் ஒட்டுகிறார்கள். அதில் சில வகைகளை, இதே குச்சி வடிவ மோனோமரைத் திசைப்படுத்தி இறுக்கித்தான் செய்கிறார்கள். ஆக, ஓஎல்ஈடி ஜெயித்தாலும் இந்த வேதியியல் தெரிந்தவர்களுக்கு வேலை இருக்கும்.

நம் பக்கத்தில் இதைப் பேச ஆள் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். சத்தியமங்கலம் பண்ணாரி அம்மன் தொழில்நுட்பக் கல்லூரியிலிருந்து ஹைட்ரஜன் பிணைப்பால் உருவாகும் திரவப் படிகங்களைப் பற்றி நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ராத்திரி பஸ் ஏறினால் காலையில் பெங்களூரு, 1977இல் எஸ். சந்திரசேகரும் அவரோடு இருந்தவர்களும் தட்டு வடிவ மூலக்கூறுகளிலும் திரவப் படிகம் உண்டு என்று ராமன் ஆய்வு நிறுவனத்தில் கண்டுபிடித்த ஊர். அவர் பின்னால் தொடங்கிய திரவப் படிக ஆய்வு மையம்தான் இப்போது நானோ மற்றும் மென்பொருள் அறிவியல் மையமாக இருக்கிறது. மென்பொருள் என்றால் இங்கே சாஃப்ட்வேர் இல்லை, மென்மையான பருப்பொருள். உங்கள் வழிகாட்டி மூலமாக அளவீட்டுக்கு அனுமதி கேட்டு எழுதிப் பாருங்கள்.

ப்ராஜெக்டுக்கு ஆறு மாதம்தான் என்றால் நீலநிலை, ஃபெரோஎலக்ட்ரிக் பக்கம் போகாதீர்கள். ஈ7, அதில் மூன்று, ஐந்து, ஏழு சதவீதம் ஆர்எம் 257, ஒரே தடிமன் செல்கள். மூன்றையும் ஒரே வெப்பநிலையில் இறுக்குங்கள். போலரைசர் மைக்ராஸ்கோப்பில் படம் எடுங்கள். ஹீலியம் நியான் லேசர், போட்டோடயோடு, ஆசிலோஸ்கோப் வைத்து வோல்டேஜுக்கு எதிராக ஊடுருவும் ஒளியையும், ஏறும் நேரத்தையும், இறங்கும் நேரத்தையும் அளவெடுங்கள். டிசி கொடுக்காதீர்கள், அயனிகள் ஓரமாகப் போய்க் குவிந்து கணக்கைக் கெடுக்கும். ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலை போதும். கலவையை மஞ்சள் விளக்கில் கையாளுங்கள், ஜன்னல் வெளிச்சத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். ஒரே ஒரு செல்லை வேண்டுமென்றே 70 டிகிரியில், ஒழுங்கு போன நிலையில் இறுக்கி மற்றவற்றோடு பக்கத்தில் வையுங்கள். வைவாவுக்கு வருகிறவர் அந்த ஒன்றைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்.

தெர்மாமீட்டரை அறைச் சுவரில் மாட்டாமல் செல்லின் பக்கத்தில் வையுங்கள், தம்பி.